சிறுவர் கணக்குத் தீர்வில் படைப்பாற்றலை அளந்த வரலாறு

கவிதையிலும் சிற்பத்திலும் படைப்பாற்றல் உண்டு என்பதை மறுப்பார் இலர். கணக்கிலும் அஃது உண்டு என்றால் ஐயுறுவார் பலர். கணக்கிற்கு விடை ஒன்றே. அவ்விடைக்குச் செல்லும் வழியும் ஆசிரியர் காட்டிய ஒன்றே. அவ்வழியிற் பிறழாது செல்பவனே கணக்கில் வல்லவன் என்பது பள்ளிகளில் நெடுங்காலம் வேரூன்றி நின்ற கருத்து. பத்து வயதுச் சிறுவனும் தன் கணக்கில் புதியது காணலாம் என்றும், அப்புதுமையை அளந்து எண்ணாற் குறிக்கலாம் என்றும் கூறி இக்கருத்தை அசைத்தவர்கள் இருபதாம் நூற்றாண்டின் உளநூலாரும் கல்விநூலாரும் ஆவர். அவர்கள் உண்மையில் அளந்தது எதனை என்பதே ஈண்டு ஆராயப்படுவது. அளவுகோல் மாறிய போதெல்லாம், பெயர் மாறாதிருக்க, அளக்கப்பட்ட பொருள் மாறிவந்திருக்கின்றது.

முதற்கண் ஒரு வேறுபாட்டைத் தெளிதல் வேண்டும். தொல்காப்பிய மரபியல் நூல்களை முதல்நூல் என்றும் வழிநூல் என்றும் பகுக்கும். அப்பகுப்பு உலகினுக்குப் புதியது எது என்பது பற்றியது. சிறுவன் காணும் புதுமைக்கு அக்கோல் பொருந்தாது. அவன் இன்று கண்டதை யூக்ளிடு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கண்டிருப்பார். உலகினை நோக்க அவன் கண்டது வழிநூல். அவன் உள்ளத்தை நோக்கவோ முதல்நூல். ஆகவே சிறுவரின் படைப்பாற்றலை அளப்போர், அச்சிறுவன் முன்னர் எதனை அறிந்திருந்தான், எதனை அறிந்திலன் என்று உணர்ந்த பின்னரே அளத்தல் இயலும். இஃது எளிதிற் கிட்டும் செய்தி அன்று. அளவையாளர் பட்ட இடர்ப்பாடுகளுள் பெரும்பாலன இதனின்றும் பிறந்தவை.

சிறுவர் கணக்கின் புதுமைக்கு மேற்கோளாகப் பலரும் எடுத்தாளும் கதை ஒன்று உண்டு. செருமானியக் கணித மேதை கௌஸ் (1777–1855) பள்ளியிற் பயின்ற நாளில், ஒன்று முதல் நூறு வரையுள்ள எண்களைக் கூட்டுமாறு ஆசிரியர் பணித்தார் என்றும், சிறுவன் முதல் எண்ணையும் ஈற்றெண்ணையும் இணைத்து 101 என்றும், அத்தகைய இணைகள் 50 என்றும் கண்டு, 5050 என உடனே எழுதினான் என்றும் கூறுவர். சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடங்காணும் பயிற்சியுடைய நமக்கு இதன் மூலத்தைத் தேடுதல் இயல்பாகும். கௌஸ் மறைந்த மறு ஆண்டில், 1856-இல், அவர்தம் நண்பர் சார்ட்டோரியஸ் வெளியிட்ட நினைவு நூலே இதற்கு மூலம். அந்நூலில் பியூட்னர் என்னும் ஆசிரியர் வருகின்றார். அவர் கையில் சவுக்கு வருகின்றது. கணக்கை முடித்தவர் தத்தம் பலகையை மேசைமேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் வழக்கம் வருகின்றது. அடுக்கின் அடியில் ஒரே எண் எழுதப்பெற்றுக் கிடந்த சிறுவன் பலகை வருகின்றது. ஒன்று முதல் நூறு என்ற வரம்பும், 101 என்ற இணைத்தொகையும் அந்நூலில் இல்லை. அவை பின்வந்தோர் செருகியவை. பிரையன் ஹேய்ஸ் என்பார் 2006-இல் இக்கதையின் வேறுபட்ட வடிவங்களைத் திரட்டி இதனைத் தெளிவுபடுத்தினார்.

இடைச்செருகல் என்று கண்டமையால் கதை பயனற்றதாகிவிடாது. பலகையில் இருந்தது ஓர் எண்ணே என்ற செய்தி மூலத்திலேயே உள்ளது. ஆசிரியர் கண்டது விடை. சிறுவன் சென்ற வழியை அப்பலகை காட்டவில்லை. பின்வந்தோர் வழியையும் கதைக்குள் எழுதிச் சேர்த்தமைக்குக் காரணம், வழி தெரியாமல் புதுமை தெரியாது என்று அவர்கள் உணர்ந்தமையே ஆகலாம்.

இனி அளவைக்கு வருவோம். 1905-இல் பாரிசில் ஆல்பிரட் பீனேயும் சீமோனும் சிறுவரின் நுண்ணறிவை அளக்கும் படிநிலைத் தேர்வை வகுத்தனர். தனிக் கற்பித்தல் வேண்டும் சிறுவரைக் கண்டறிதல் அதன் நோக்கம். கடல் கடந்து அமெரிக்கா சென்றபோது அந்நோக்கம் தலைகீழாயிற்று. 1916-இல் அதனைத் திருத்தியமைத்த டெர்மன், 1921 முதல் கலிபோர்னியாவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மீத்திறச் சிறுவரை அத்தேர்வுகொண்டு தேர்ந்தெடுத்து வாழ்நாள் முழுதும் தொடர்ந்து ஆராயலுற்றார். அவ்வாய்விற்கெனத் தேர்வு எழுதியும், எண் போதாமையால் விலக்கப்பட்ட சிறுவருள் இருவர் ஷாக்லியும் ஆல்வாரெசும் ஆவர். முன்னவர் 1956-இலும் பின்னவர் 1968-இலும் இயற்பியலுக்கு நோபெல் பரிசு பெற்றனர். ஒவ்வொரு வினாவிற்கும் முன்னரே குறித்த விடை ஒன்றை வைத்துக்கொண்டு அளக்கும் கோல், அவ்விடைக்கு அப்பாற் செல்லும் உள்ளத்தைக் காணாது விடும் என்பதற்கு இவ்விருவரும் சான்றாகப் பின்னாளிற் காட்டப்பெற்றனர். அந்நாளில் அக்கோலை ஐயுற்றோர் சிலரே.

ஐயுற்றவருள் தலையாயவர் மாக்ஸ் வெர்த்தைமர். 1933-இல் செருமனியினின்று நீங்கி நியூயார்க்கில் வாழ்ந்த இவர் 1943-இல் மறைந்தார். ஆக்கச் சிந்தனை பற்றிய இவர் நூல் 1945-இல் வெளிவந்தது. அதில் இணைகரம் பற்றிய பகுதி கணக்காசிரியர் அனைவரும் அறியவேண்டுவது. ஒரு வகுப்பில் இணைகரத்தின் பரப்பைக் காணும் முறையை ஆசிரியர் கற்பித்திருந்தார். மேல் மூலைகளினின்று செங்குத்துக் கோடுகள் இறக்கி, அடிக்கோட்டை நீட்டி, அடியை உயரத்தாற் பெருக்குக என்பது அம்முறை. மாணவர் பல கணக்குகளைப் பிழையின்றிச் செய்தனர். வெர்த்தைமர் ஆசிரியரின் இசைவுபெற்று, அதே வடிவத்தைத் திருப்பி நிறுத்திய நிலையிற் கரும்பலகையில் வரைந்தார். இது தமக்கு இன்னும் கற்பிக்கப்படவில்லை என்றனர் சிலர். சிலர் முன்போலவே கோடிறக்கிப் பொருளற்ற உருவங்களை வரைந்து மயங்கினர். ஒரு சிலரே வடிவத்தைத் திருப்பிப் பார்த்தனர்.

அவ்வகுப்பிற்கு மாறாக, ஐந்தரை வயதுச் சிறுமி ஒருத்தியைப் பற்றியும் அவர் எழுதுகின்றார். செவ்வகத்தின் பரப்பை மட்டும் அறிந்த அவளிடம் இணைகரம் தரப்பட்டது. முதலில் தனக்குத் தெரியாது என்றாள். சற்று நேரம் பேசாதிருந்து, ஒரு முனையைச் சுட்டி அவ்விடம் சரியில்லை என்றும், மறு முனையும் அவ்வாறே என்றும் கூறினாள். பின்னர்த் திடுமெனக் கத்தரிக்கோல் கேட்டாள். ஒருபுறத்துக் கோணலை வெட்டி மறுபுறத்துக் குறையில் வைத்துப் பொருத்தினாள். மற்றொரு குழந்தையோ இணைகரத் தாளை வளைத்து இரு முனைகளையும் சேர்த்து வளையமாக்கி, அவ்வளையத்தை நேராக வெட்டலாம் என்றது. தாள் கிடைத்த அவ்விரு குழந்தைகளுக்கும் எண் எதனையும் வெர்த்தைமர் இடவில்லை. இட்டிருப்பின் எவ்வளவு இட்டிருப்பார்? இருவரும் தந்த தீர்வு ஒவ்வொன்றே. எடுத்துக்கொண்ட நேரமோ, சூத்திரம் அறிந்த மாணவன் எடுத்துக்கொள்வதினும் மிகுதி. விடைகளின் தொகையாலும் விரைவாலும் அளப்பின் இருவரும் பின்தங்கியவராவர்.

வெர்த்தைமரின் மாணாக்கரான லூச்சின்ஸ் இதனை அளவைக்குரியதாக்கினார். 1942-இல் வெளிவந்த அவர்தம் ஆய்வு, நியூயார்க்குத் தொடக்கப்பள்ளிச் சிறுவரும் கல்லூரி மாணவரும் செய்த நீர்க்குடக் கணக்குகளைப் பற்றியது. 21, 127, 3 என்னும் கொள்ளளவுடைய மூன்று குடங்களைக்கொண்டு 100 அளவு நீரைப் பெறுக என்பது ஒரு கணக்கு. பெருங்குடத்தை நிரப்பி, அதனின்று முதற்குடத்தால் ஒருமுறையும் சிறுகுடத்தால் இருமுறையும் முகந்து நீக்கின் 100 எஞ்சும். இவ்வழியே செல்லும் கணக்குகள் சில தரப்பட்டபின், 23, 49, 3 கொண்டு 20 பெறுக என்ற கணக்கு வரும். பழைய வழியிலும் 20 கிட்டும். ஆயின் 23-இலிருந்து 3-ஐ ஒருமுறை நீக்கினாலே போதும். பின்னர் 28, 76, 3 கொண்டு 25 பெறுக என்று கேட்கப்படும். பழைய வழி இங்கு 42 தந்து பிழைக்கும். 28-இலிருந்து 3-ஐ நீக்குதல் ஒன்றே வழி. முன்னைக் கணக்குகளிற் பழகியோர் பலர் எளிய வழியைக் காணாமற் பழைய நெடுவழியிற் சென்றனர். ஈற்றுக் கணக்கைச் செய்ய இயலாது என்று விட்டவரும் உளர். பழகாமல் நேரே இக்கணக்குகளைப் பெற்றோர்க்கோ அவ்விடர்ப்பாடு இல்லை.

இம்மனக்கட்டு அறியாமையால் விளைந்தது அன்று, அறிந்ததனால் விளைந்தது. விரைவுத் தேர்வு என்று அறிவித்துக் கணக்குகளைத் தந்தபோது கட்டு மேலும் இறுகியது என்பதையும் லூச்சின்ஸ் குறித்துள்ளார். இப்பகுதி இவ்வரலாற்றின் நடுநாயகம் என்பது என் கருத்து. ஏனெனில் இங்கு அளக்கப்படுவது விடையின் தொகையும் அன்று, விடையின் அருமையும் அன்று. ஒரு வழியினின்றும் உள்ளம் விடுபடும் நிகழ்ச்சியே. குழந்தை முன்னர் அறிந்தது எது என்பதை ஆய்வாளரே கணக்குகளின் அடைவால் அமைத்துத் தருதலின், மேலே கூறிய முதல் இடர்ப்பாடும் நீங்குகின்றது.

ஆயினும் வரலாறு அவ்வழியே செல்லவில்லை. 1950-இல் அமெரிக்க உளவியற் கழகத்தின் தலைவராக உரையாற்றிய கில்போர்டு, அதற்கு முந்திய 23 ஆண்டுகளில் பதிவுபெற்ற ஏறத்தாழ 1,21,000 உளவியல் நூல், கட்டுரைத் தலைப்புகளுள் படைப்பாற்றலைப் பற்றியவை 186 மட்டுமே என்று எடுத்துக்காட்டினார். குறித்த ஒரு விடையை நோக்கிச் செல்வதைக் குவிசிந்தனை என்றும், பல விடைகளை நோக்கிப் பரவுவதை விரிசிந்தனை என்றும் அவர் பின்னர்ப் பிரித்தனர். செங்கல்லின் பயன்களை இயன்றவரை எழுதுக என்பது போன்ற வினாக்கள் எழுந்தன. விடைகளின் தொகை வளம், அவற்றின் வகைகள் நெகிழ்ச்சி, பிறர் கூறாதவை புதுமை, நுணுக்கம் விரிவு. 1957-இல் உருசியர் ஸ்புட்னிக்கை ஏவியபின் அமெரிக்காவில் அறிவியல், கணிதக் கல்வியைப் பற்றிய அச்சம் பரவியது; 1958-இல் அதற்கெனச் சட்டமும் நிதியும் வந்தன. படைப்பாற்றல் அளவையும் அவ்வெள்ளத்தில் மிதந்தது. 1966-இல் டாரன்ஸ் வெளியிட்ட தேர்வுகள் உலகெங்கும் பரவின. அவற்றில் சொல்லும் படமும் உண்டு, கணக்கு இல்லை.

கணக்கை அவ்வளவைக்குள் கொணர்ந்தவர் கெட்செல்சும் ஜாக்சனும். 1962-இல் வெளிவந்த அவர்கள் நூல் சிகாகோவின் தனியார் பள்ளி ஒன்றின் மாணவரைப் பற்றியது. எண்கள் பல அடங்கிய உரைப்பகுதியைத் தந்து, அதனின்றும் இயன்ற அளவு கணக்குகளை இயற்றுக என்பது அவர்தம் ஐந்து தேர்வுகளுள் ஒன்று. கணக்கைத் தீர்ப்பதன்றிக் கணக்கை ஆக்குதலும் திறன் என்று இதனால் நிலைபெற்றது, இது பெரும்பேறு. நுண்ணறிவில் மிக்கோரும் படைப்பாற்றலில் மிக்கோரும் பாடத்தேர்ச்சியில் ஒத்தே நின்றனர் என்றும், ஆசிரியர் முன்னவரையே விரும்பினர் என்றும் அவர்கள் கண்டனர். மூன்றாண்டு கழிந்து வாலாக்கும் கோகனும் 151 சிறுவரை விளையாட்டுப் போல், கால எல்லை இன்றி ஆராய்ந்து, கால எல்லையும் தேர்வுச் சூழலும் முன்னையோர் முடிபுகளைக் கலக்கியிருத்தல் கூடும் என்று காட்டினர். லூச்சின்சின் விரைவுத் தேர்வை இது நினைவூட்டுகின்றது.

கில்போர்டு மரபின் குறை கணக்கிலேயே நன்கு புலனாகும். செங்கல்லுக்கு இருபது பயன் கூறுவோன் ஒரு பயன் கூறுவோனினும் வளமுடையோன் எனலாம். ஒரு கூட்டற் கணக்கிற்கு இருபது வழி கூறுவோன் ஒரே வழி கண்ட கௌசினும் வளமுடையோன் எனலாமோ? வளத்தை எண்ணும் கோலில் அடுக்கின் அடியில் கிடந்த பலகைக்கு ஒன்று என்ற எண்ணே கிடைக்கும். கணக்கறிந்தோர் பல வழிகளை மனத்தில் ஆராய்ந்து ஒன்றைத் தேர்ந்து பிறவற்றை எழுதாது விடுவர் என்பதை இக்கோல் கருதவில்லை.

சோவியத்து நாட்டில் நிலைமை வேறு. 1936-இல் கட்சி ஆணை ஒன்று பள்ளிகளில் உளத்தேர்வுகளைத் தடைசெய்தது. அத்தடையால் விளைந்த தீமைகள் பல. எதிர்பாராத நன்மையும் ஒன்று விளைந்தது. எண்ணிடும் தேர்வை விடுத்து, சிறுவனுடன் அமர்ந்து அவன் வாய்விட்டுச் சிந்திப்பதைக் கேட்டல் அங்கு முறையாயிற்று. குருதெத்ஸ்கி 1955 முதல் 1966 வரை ஏறத்தாழ இருநூறு மாணவரை இவ்வாறு ஆராய்ந்து 1968-இல் நூலாக்கினார். 1976-இல் அது சிகாகோவில் ஆங்கிலமாயிற்று. கேட்கும் வினாவையே மறைத்த கணக்கு, வேண்டும் செய்தி குறைந்த கணக்கு, வேண்டாத செய்தி மிகுந்த கணக்கு, பல வழிகளையுடைய கணக்கு, தானே தன்னைக் குறுக்கிக்கொள்ளத் தூண்டும் கணக்கு என அவர் அமைத்த வரிசைகள் இன்றும் பயன்படுகின்றன. வல்ல மாணவர் சிந்தனையின் இடைப்படிகளைச் சுருக்குவர். சென்ற வழியே மீள்வர். விடை கிட்டிய பின்னரும் அதனினும் தெளிந்த வழி உண்டோ என்று தேடுவர் என்று அவர் கண்டார். விரைவும், கணிக்கும் திறனும், எண்களை மனங்கொள்ளலும் கணித ஆற்றலுக்கு இன்றியமையாதன அல்ல என்றும் வெளிப்படையாக எழுதினார். பள்ளித் தேர்வுகள் பெரிதும் அம்மூன்றையே அளப்பன.

சப்பானில் நிகழ்ந்தது சுவையானது. 1971 முதல் சிமாதாவும் உடனாய்வோரும் கணக்கில் உயர்நிலைச் சிந்தனையை மதிப்பிடும் வழியைத் தேடினர். மூவர் எறிந்த கோலிகள் தரையிற் சிதறிக் கிடக்கும் படங்களைக் காட்டி, எவருடையவை குறைவாகச் சிதறின என்பதை எண்ணாற் காட்டும் வழிகளைக் காண்க என்றனர். கோலிகளை இணைத்த பலகோணத்தின் பரப்பை அளக்கலாம், சுற்றளவை அளக்கலாம், இடைத்தொலைவுகளில் மிகப் பெரியதை அளக்கலாம், ஒவ்வொன்றும் ஏதேனும் ஓரிடத்திற் பிழைக்கும். அளவையை அளப்பதற்கென வந்த வினா சிறுவரையே அளவை வகுக்கச் செய்தது. 1977-இல் அவர்கள் நூல் வெளிவந்தபோது மதிப்பீட்டு முறை கற்பிக்கும் முறையாக மாறிவிட்டிருந்தது.

இங்கிலாந்தில் ஹேலாக் 1987-இல் இரு மரபுகளையும் ஒன்றாக்க முயன்றார். மனக்கட்டினின்று விடுபடுதல் ஒன்று, பல விடை காணல் மற்றொன்று என இரண்டையும் கொண்டார். கூட்டுத்தொகை 10, வேறுபாடு 4 உடைய இரு எண்கள் யாவை என்றால் 7, 3 என்பர் சிறுவர். இவ்வாறு சில கணக்குகளின் பின், கூட்டுத்தொகை 9, வேறுபாடு 2 என்று கேட்டால், கணக்கில் தேர்ந்த சிறுவரும் அத்தகைய எண்கள் இல்லை என்பர். ஐந்தரையும் மூன்றரையும் அவர்கள் அறியாதன அல்ல; முழு எண்களே ஆட்டக்களம் என்று தாமே வேலியிட்டுக்கொண்டனர். விரிசிந்தனைக்கு அவர் தந்த வினாக்களுள் ஒன்று, சென்டிமீட்டர் இடைவெளியுள்ள ஒன்பது புள்ளிகளை இணைத்து இரண்டு சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள வடிவங்களை வரைக என்பது. பரப்பு பிழைத்த வடிவம் எத்துணைப் புதிதாயினும் கொள்ளப்படாது. பாடத்தேர்ச்சியிற் பின்தங்கியோர் இத்தேர்வுகளில் மிகுதியாக எண் பெறவில்லை என்றும், தேர்ச்சியில் ஒத்த முன்னணி மாணவரிடையே படைப்பாற்றல் பெரிதும் வேறுபட்டது என்றும் அவர் கண்டார். முதல் முடிபை எச்சரிக்கையுடன் கொள்ளல் வேண்டும். கருவி இல்லாதவன் கைத்திறனை எங்ஙனம் காட்டுவான்?

அண்மைக் காலத்து நுண்ணிய அளவை, ஹைபா பல்கலைக்கழகத்தின் ரோசா லெய்க்கின் 2009-இல் வெளியிட்டது. ஒரே கணக்கிற்குப் பல தீர்வுகள் கேட்கப்படும். முதல் தீர்விற்கும், முற்றிலும் வேறுவகைத் தீர்விற்கும் நெகிழ்ச்சி எண் 10. அதே வகையில் தெளிவான சிறுவேறுபாட்டிற்கு 1. ஏறத்தாழ ஒன்றேயாயின் 0.1. புதுமைக்கும் அவ்வாறே: குழுவில் நூற்றுக்குப் பதினைந்தினும் குறைந்தோர் கண்ட தீர்விற்கு 10, பதினைந்து முதல் நாற்பதிற்குள் ஆயின் 1, நாற்பதும் அதற்கு மேலும் ஆயின் 0.1. இரண்டையும் பெருக்கினால் அத்தீர்வின் படைப்பாற்றல் எண் ஆகும். பத்தின் படிகளாக அமைத்தமையால், பல அற்ப விடைகள் சேர்ந்து ஓர் அரிய விடையை எளிதில் மிஞ்சா. வளத்தைப் பற்றிய பழைய குறை இதனாற் பெரிதும் நீங்கியது என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

புதுமை எண்ணில் மட்டும் ஒரு முடிச்சு எஞ்சுகின்றது. நாற்பது மாணவர் உள்ள வகுப்பை எண்ணிப் பார்ப்போம். ஒரு தீர்வை ஐவர் கண்டனர், அது நூற்றுக்குப் பன்னிரண்டரை, ஐவருக்கும் 10. ஆறாவது மாணவன் ஒருவனும் அதனைக் கண்டுவிட்டான்; இப்போது நூற்றுக்குப் பதினைந்து; அறுவருக்கும் 1. முதல் ஐவர் உள்ளத்தில் நிகழ்ந்தது எதுவும் மாறவில்லை. அடுத்த இருக்கையில் நிகழ்ந்தது அவர்கள் எண்ணைப் பத்தில் ஒன்றாக்கியது. பல வழிகளைக் கற்பிக்கும் ஆசிரியரின் வகுப்பில் எவர்க்கும் எண் மிகாது. ஒரே வழியைத் திணிக்கும் ஆசிரியரின் வகுப்பில், தந்தையிடம் வேறு வழி கேட்டறிந்த பிள்ளை படைப்பாளனாவான். லெய்க்கின் இதனை அறியாதவர் அல்லர். பள்ளிச் சிறுவரின் படைப்பாற்றல் தன் குழுவை நோக்கிய சார்புடையதே என்று அவரே கூறுகின்றார். குழு சிறிதாயின், நூற்றுக் கணக்கை விடுத்து, தீர்வு பாடநூல் வழக்கினின்று எவ்வளவு விலகியது என்பதை நோக்கி எண்ணிடுமாறும் வகுத்துள்ளார். அவ்வாறு எண்ணிடுவோர் அச்சிறுவனுக்குக் கற்பிக்கப்பட்டது எது என்று அறிந்திருத்தல் வேண்டும். மரபியல் கொண்டு நாம் முன்னர்க் கண்ட வேறுபாட்டிற்கே அளவை மீண்டும் வந்து நிற்கின்றது.

எண் ஆராய்ச்சித் தாளோடு நின்றால் இவ்வளவு ஆராய வேண்டுவதில்லை. டெர்மனின் எண் ஆய்வுக்குழுவினின்று சிலரை விலக்கியது. மீத்திற வகுப்பிற்குச் சிறுவரைத் தேரும் பள்ளிகளில் எண்ணே வாயில் காக்கும். அவ்விடத்து, அடுத்த இருக்கையைச் சார்ந்து மாறும் எண்ணைவிட, சிறுவன் எக்கட்டினின்று எப்போது விடுபட்டான் என்று ஆசிரியர் எழுதிவைக்கும் இரண்டு வரிக் குறிப்பு நம்பத்தக்கது என்பேன். அத்தகைய குறிப்பை ஆயிரக்கணக்கில் ஒப்பிடுதல் இயலாது என்பது எதிர்வாதம். அவ்வாதம் வலியுடையதே, பல நாடுகளை ஒப்பிடும் தேர்வுகள் எண்ணை விடாமைக்கும் அதுவே காரணம்.

பொருளாதாரக் கூட்டுறவு வளர்ச்சி அமைப்பு 2022-இல் நடத்திய பீசா தேர்வு, பதினைந்து வயது மாணவரின் ஆக்கச் சிந்தனையை முதன்முறையாக அளந்தது. முடிவுகள் 2024-இல் வெளிவந்தன. எழுத்து, காட்சி, சமுதாயச் சிக்கல், அறிவியற் சிக்கல் என அதற்குக் களங்கள் நான்கு. அவ்வாண்டு பீசாவின் முதன்மைப் பாடம் கணிதம். ஆயினும் ஆக்கச் சிந்தனையின் நான்கு களங்களுள் கணிதம் இடம்பெறவில்லை.